பயம் நம்முடையது, ரிப்போர்ட் அவருடையது

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்ததும் நம் குடும்பங்கள் செய்கிற முதல் காரியம், அதை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது. பெரியப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி திரும்பும். வலிப்பு, காசநோய், மனநோய், மார்பகப் புற்றுநோய் என்று எது வந்தாலும், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணோ பையனோ இருக்கிற வீட்டில் எல்லோர் வாய்க்கும் பூட்டு விழுந்துவிடும். நோயாளிக்கேகூடப் பல வீடுகளில் உண்மை போய்ச் சேருவதில்லை. "சின்னக் கட்டிதான் அம்மா, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அழுகிற மகன்கள் எத்தனையோ பேர்.

அதே மகன் இரவு ஒன்றரை மணிக்கு ஐசியு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத நண்பர் ஒருவருக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பார். அத்தைக்குத் தெரியாத கிரியாட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) டொராண்டோவிலோ தோஹாவிலோ இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். பார்க்க விசித்திரமாகத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு சிக்கலும் இருக்கிறது. நியாயத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. சிக்கலைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

முதலில் நியாயம். இணைய நண்பருக்கு நம் வீட்டோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. பாகப்பிரிவினைப் பேச்சு இல்லை, பழைய மனத்தாங்கல் இல்லை, "அப்போதே சொன்னேன், கேட்டாயா" என்று இடித்துரைக்கும் உரிமையும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் அரை டஜன் சாத்துக்குடியோடும் வந்து சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருக்க மாட்டார்.

சூசன் சில்க் என்ற உளவியலாளர், பேரி கோல்ட்மேன் என்பவரோடு சேர்ந்து 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதை அழகாக விளக்குகிறது. ஒரு வட்டம் போட்டு நடுவில் நோயாளியின் பெயரை எழுத வேண்டும். அதைச் சுற்றி அடுத்த வட்டத்தில் கணவர் அல்லது மனைவி, அதற்கு வெளியே பிள்ளைகள், பிறகு நெருங்கிய உறவினர், நண்பர்கள், தெரிந்தவர்கள். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டுமே போகலாம். புலம்புவதாக இருந்தால் வெளிவட்டத்தைப் பார்த்துத்தான் புலம்ப வேண்டும். அவ்வளவுதான் விதி. நம் ஊர் வார்டுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கும். பார்க்க வந்த சித்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்முவார். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் மனிதர், "எனக்கு ஒன்றும் இல்லை, அழாதே" என்று அவரைத் தேற்றுவார். நோயாளியின் மனைவியோ வந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கி வர ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். இணைய நண்பர் இருப்பது கடைசி வட்டத்தில். அவரிடம் எதைக் கொட்டினாலும் அது சுற்றிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பி வராது. கொட்டுவதற்குத் தோதான இடம் அதனால்தான்.

இந்தப் பழக்கம் சமூக ஊடகங்களோடு பிறந்தது அல்ல. நியூயார்க்கில் வசித்த ழில் ஃப்ரிட்மனின் மனைவிக்கு 1995இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஃப்ரிட்மன் ஒரு மின்னஞ்சல் குழுவில் சேர்ந்து விவரத்தை எழுதினார். சில மணி நேரத்தில் வந்த பதில்களைப் படித்தபோது, மருத்துவர் சொன்ன சிகிச்சை தேவைக்கு மிஞ்சியதாக இருக்கலாம் என்று புரிந்தது. வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கக் கிளம்பினார்கள். அந்த அனுபவத்திலிருந்து அவர் தொடங்கியதுதான் ஏகார் என்ற அமைப்பு. ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் தனித்தனி மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். 1997இல் மின்னசோட்டாவில் சோனா மேரிங் என்ற பெண்மணி, தோழிக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தபோது ஓர் இணையப் பக்கம் திறந்தார். குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் காரணம். அது பிறகு கேரிங்பிரிட்ஜ் என்ற லாப நோக்கற்ற அமைப்பாக வளர்ந்தது.

இந்த இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மேரிங் செய்தது, ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களுக்குச் செய்தி சொல்வது. ஃப்ரிட்மன் செய்தது, அந்த வழியில் முன்பே நடந்தவர்களிடம் வழி கேட்பது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: பதில் எதுவும் வேண்டாம், யாராவது கேட்டால் போதும் என்று அழுவது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்றும் ஒரே குண்டானில் கிண்டப்படுகின்றன. அழ வந்தவருக்கு நான்கு ஆஸ்பத்திரிகளின் பெயரும் டாக்டர் எண்ணும் வருகிறது. டாக்டர் எண் கேட்டவருக்குக் கைகூப்பிய படங்கள் நாற்பது வருகின்றன. இருவருமே ஏமாற்றத்தோடு போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எதற்காக எழுதுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்: "ஆலோசனை வேண்டாம், மனசு கனமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்" அல்லது "வேலூரில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

வழி கேட்பது பலன் தரும்போது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் அமெரிக்கர் டேவ் டிபிராங்கார்ட். 2007 ஜனவரியில் தோள் வலிக்காக எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. ஆராய்ந்தால், சிறுநீரகத்தில் தொடங்கி உடம்பெங்கும் பரவிய நான்காம் நிலைப் புற்றுநோய். அவருடைய மருத்துவரே ஏகார் குழுவில் சேரச் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் சொன்னது சுருக்கமான செய்தி: இதற்குக் குணம் என்று உறுதியாக எதுவும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் உயர் அளவு இன்டர்லூகின் என்ற சிகிச்சை சிலருக்குப் பலிக்கிறது, பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அதைச் செய்வதில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதையே சொல்ல மாட்டார்கள், செய்கிற மருத்துவர்கள் இன்னார். அவருக்கு அது பலித்தது. பிழைத்து வந்து நோயாளிகளின் உரிமை பற்றி ஊர் ஊராகப் பேசினார். இதில் நான் முக்கியமாக நினைப்பது, குழு அவருக்குச் சிகிச்சை அளிக்கவில்லை என்பதுதான். எந்தக் கதவைத் தட்டலாம் என்று மட்டும் சொன்னது. தட்டியதும் திறந்ததும் மருத்துவமனையில்.

நம் பக்கத்து உதாரணத்துக்குச் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய மாநிலத்தில், டயாலிசிஸ் என்ற சொல் பேச்சில் அடிபடாத தெரு குறைவு. அப்பாவுக்குக் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது, எப்போது வேண்டுமானாலும் டயாலிசிஸ் தொடங்க நேரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இதை முன்பே கடந்து வந்த ஒரு நண்பர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபிஸ்துலா பற்றிப் பேசினார்களா?" என்பதாக இருக்கும். கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. ஊசி குத்தும் அளவுக்கு அந்த இடம் தயாராக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு ஓடும் நாள் வரை தள்ளிப் போட்டால் கழுத்தில் குழாய் செருகித்தான் தொடங்க வேண்டியிருக்கும். அந்த நண்பர் இன்னும் சொல்வார்: அறுவை செய்யப்போகும் கையில் இப்போதிலிருந்தே ரத்தம் எடுக்க விடாதீர்கள், செய்த பிறகு அந்தக் கையில் பிரஷர் பார்க்கவும் விடாதீர்கள், நர்ஸ் மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துங்கள். பொட்டாசியம் குறைவதற்காகக் காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலில் அந்த வேலையை முடியுங்கள். இவற்றில் டாக்டருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது சொல்ல நேரமில்லாதவை, அவ்வளவே.

அதே குழுவில் இன்னொருவர், அதே அன்போடு, "தினமும் இளநீர் கொடுங்கள், கிட்னியைச் சுத்தம் செய்துவிடும்" என்று எழுதுவார். வேறொருவர் வாழைத்தண்டுச் சாறு என்பார். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இரண்டும் நல்லவை. முற்றிய சிறுநீரக நோயாளிக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நட்சத்திரப் பழம் இன்னும் மோசம். அதிலுள்ள ஒரு நச்சுப்பொருளைச் செயலிழந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் மூளை பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஃபிஸ்துலா பற்றிச் சொன்னவரும் இளநீர் பற்றிச் சொன்னவரும் ஒரே குரலில், ஒரே அக்கறையோடுதான் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? முழுக்கத் தெரியாது என்பதே உண்மை. ஆனால் ஓர் அடையாளம் உண்டு. முதல் வகை ஆலோசனை "டாக்டரிடம் இதைக் கேளுங்கள்" என்று முடியும். இரண்டாம் வகை டாக்டருக்குத் தெரியாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியதாக இருக்கும். இதற்கு மேல் மூன்றாவது வகை ஒருவர் தனியாக உள்பெட்டிக்கு வந்து, "எங்களிடம் மருந்து இருக்கிறது, மூன்றே மாதத்தில் குணம்" என்பார். சர்க்கரை, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. உள்பெட்டிக்குள் எட்டிப் பார்க்க அந்தச் சட்டத்துக்குக் கண் இல்லை.

நோயாளிகள் கூடிப் பேசினால் பொய் நம்பிக்கைதான் பரவும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள், ஏஎல்எஸ் என்ற கொடிய நரம்பு நோயின் வேகத்தை லித்தியம் என்ற மருந்து குறைப்பதாக ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகள் ஏராளமானோர் பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற தளத்தில் இருந்தார்கள். ஏஎல்எஸ் வந்த சகோதரர் ஸ்டீபனுக்காக ஹேவுட் குடும்பத்தார் தொடங்கிய தளம் அது. பலர் மருத்துவர்களிடம் கேட்டு வாங்கி லித்தியம் சாப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் சாப்பிட்டதோடு நிற்காமல், உடல்நிலையை அளந்து தளத்தில் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். மருந்து எடுத்த 149 பேரை, எடுக்காத ஒத்த நிலை நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2011இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்தது. பலன் இல்லை என்பதே முடிவு. முறையான மருத்துவப் பரிசோதனைகளும் அதையே சொல்லின. தங்கள் உயிரே பணயமாக இருந்தும், தங்களுக்கு ஆகாத முடிவைத் தாங்களே திரட்டித் தந்தார்கள் அந்த மனிதர்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

மனம்விட்டுப் பேசினால் நோயே குறையும் என்கிற நம்பிக்கைக்கும் ஒரு கதை உண்டு. 1989இல் டேவிட் ஸ்பீகல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்கள் இருந்தார்கள். வாரந்தோறும் கூடிப் பேசிய பெண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு அதிகம் வாழ்ந்ததாக முடிவு வந்தது. உலகமே வியந்தது. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. ஸ்பீகலே பின்னாளில் மீண்டும் செய்து பார்த்தபோதும் நீளவில்லை. கனடிய ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது வேறொன்று: கூடிப் பேசிய பெண்களின் மனவேதனை குறைந்தது, வலியும் குறைவாக உணரப்பட்டது. இவை நேரில் கூடிய குழுக்கள்; இணையத்துக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனாலும் எதிர்பார்ப்பை எங்கே நிறுத்திக்கொள்வது என்பதற்கு இது போதும். நண்பர்களால் அப்பாவின் கிரியாட்டினினைக் குறைக்க முடியாது. உங்களுக்கு இன்றிரவு நான்கு மணி நேரத் தூக்கம் கிடைக்கச் செய்ய முடியும்.

இனி அந்தச் சிக்கல். இத்தனை நேரமும் பேசியது "நான்" என்ன எழுதலாம், எனக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றித்தான். ஆனால் நோய் எனக்கு இல்லை. என் அப்பாவுக்கு. டிபிராங்கார்ட் தன் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டார்; நான் இன்னொருவருடைய சிறுநீரகத்தைப் பற்றி எழுதுகிறேன். என் பயத்தைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவருடைய ரிப்போர்ட்டைக் காட்ட அவருடைய அனுமதி தேவை. இவ்வளவு வெளிப்படையான வேறுபாடு, நடைமுறையில் ஒரே நொடியில் அழிந்துபோகிறது. ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுகிறோம்.

அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே நோயாளியின் முழுப்பெயர், வயது, ஆணா பெண்ணா. பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பதிவு எண், பார்கோடு. பல ஆய்வகங்கள் போன் எண்ணையும் அச்சிடுகின்றன. அனுப்பிய டாக்டரின் பெயர், ரத்தம் எடுத்த தேதி, நேரம். நாம் காட்ட நினைத்தது நடுவிலுள்ள ஒற்றை வரியை மட்டும். அந்த வரியைத் தட்டச்சு செய்தால் பத்து வினாடி. சோம்பலில் படமே போய்விடுகிறது. போனது எந்தெந்தக் குழுவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையே மறையாக்கம், அதாவது வழியில் வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு, உண்டு என்பது உண்மை. பெற்ற 200 பேரில் ஒருவர் அதை மச்சானுக்கு அனுப்புவதை எந்த மறையாக்கமும் தடுக்காது.

சட்டமும் இங்கே கை கொடுக்காது. மருத்துவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். மனநல சிகிச்சையில் நோயாளியின் ரகசியத்தை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனி உரிமையாகவே சொல்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகத் தரவைக் கையாள்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆக மகனோ மருமகளோ குழுவில் போடுவதைக் கேட்க நாதி இல்லை. "மூடிய குழுதானே" என்ற சமாதானமும் உறுதியானது அல்ல. மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள பெண்களுக்கான ஃபேஸ்புக் குழுவில் இருந்த ஆண்ட்ரியா டௌனிங், மூடிய குழுக்களின் உறுப்பினர் பட்டியலை வெளியாட்கள் எடுத்துவிட முடியும் என்று 2018இல் கண்டுபிடித்தார். அதன் பிறகே அந்தப் பட்டியல் வெளியாருக்குத் தெரியாதபடி மாற்றப்பட்டது. புற்றுநோய் மரபணுக் குழுவில் ஒருவர் பெயர் இருப்பதே ஒரு மருத்துவ ரகசியம் அல்லவா? கட்டணம் வாங்கும் சேவைகளும் யோக்கியம் அல்ல: மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

இதனால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது இல்லை. சொல்லும் முறையை மாற்றினால் போதும். "அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, அவர் குடித்ததால்தான்" என்பது அவருடைய கதை. "வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கப்போகிறது, முதல் நாள் என்ன நடக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது" என்பது என் கதை. இரண்டாவதற்கு வரும் பதில்களில் ஒரு குறையும் இருக்காது. பெரியவர்களைக் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. நாம் பயப்படும் அளவுக்கு அவர்கள் பயப்படுவதில்லை. "கேட்டுப் பார், யாராவது நல்ல டாக்டர் சொல்வார்கள்" என்று சொல்கிற அப்பாக்கள்தான் அதிகம். யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவிட்டு 200 பேரிடம் சொல்லியிருக்கும் வீடுகளில்தான் கேட்கவும் வழியில்லாமல் போகிறது. குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்து வயதில் வந்த வலிப்பு பதினைந்து வயதில் நின்றுபோயிருக்கலாம். அம்மா பெயரோடும் படத்தோடும் எழுதிய பதிவு நிற்பதில்லை.

கேட்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சில வரம்புகள் உண்டு. 2001இல், ரத்தப் புற்றுநோயோடு போராடி இறந்ததாக ஆயிரக்கணக்கானோர் அழுத கேசி நிக்கோல் என்ற அமெரிக்க இளம்பெண் உண்மையில் இல்லவே இல்லை, நடுவயதுப் பெண் ஒருவரின் கற்பனை என்று தெரியவந்தது. எனவே முகம் தெரியாதவரின் சோகக் கதை பணம் கேட்பதில் போய் முடிந்தால், விசாரித்துவிட்டுக் கொடுப்பதில் இரக்கமின்மை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேரடியாகக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். எழுதுபவர் வாழ்வே வேண்டாம் என்ற தொனிக்குப் போனால், நண்பர் தானே சமாளிக்கப் பார்க்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 2022இலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நோயாளியை மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவரையும் மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மற்றபடி "எல்லாம் சரியாகிவிடும்" என்பதைவிட, "நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு? முடிந்ததும் சொல்லுங்கள்" என்ற விசாரிப்பு பயன் தரும். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்பவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வேண்டிக்கொள்வதோடு நிற்கும் வரை.

எழுதியவர்கள் பெரும்பாலும் செய்யத் தவறுவது ஒன்று இருக்கிறது. அப்பா தேறி வீட்டுக்கு வந்தாலும், வராமலே போனாலும், குழுவுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. சந்தோஷத்தில் மறந்துவிடுகிறோம், துக்கத்தில் முடிவதில்லை. அந்தப் பக்கம், ராத்திரி கண்விழித்துப் பதில் எழுதியவர்கள் கேட்கவும் கூசி, சும்மா இருக்கவும் முடியாமல் காத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே நோயோடு வரும் இன்னொரு வீட்டார் பழைய கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்துப் படித்துக்கொண்டே போனால், பாதியில் நின்றுபோயிருக்கும். அப்பா சம்மதித்திருந்தால், அல்லது அவர் இல்லாதபோது அம்மா சம்மதித்தால், என்ன செய்தார்கள், எது கை கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று நான்கு வரி எழுதிவிடலாம். கெட்ட செய்தி என்றாலும் எழுதலாம். ஃபிஸ்துலாவை முன்கூட்டியே போட்டிருக்கலாம் என்பது, இனிமேல் போடப்போகிறவருக்குத்தான் வேண்டிய தகவல்.